பென்னக் முனைச் சுண்ணாம்பு

விடியக்காலை நாலு இருபது. ஜூலை மாசம், நம்ம ஊர்ல நடுக் குளிர்காலம். பென்னக் முனை ரோட்டுல ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் குரைக்கலை... டெஸ்ஸோட வண்டி மட்டும் தனியா இறங்கிப் போயிட்டிருக்கு.

இருங்க. கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அந்த கேஸ் ஹீட்டரை நடுவுல வைங்க. கரண்ட் வர்றப்போ வரட்டும்.

இது எனக்கு நடந்தது இல்லை. என் கூட லாரி ஓட்டுறாளே கேசி, அவளோட பெரியப்பா டெஸ் ஹாப்கிர்க்குக்கு நடந்தது. அறுபத்தோரு வயசு. கொத்தனார். பழைய கல் கட்டடம்னா இவரைத்தான் தேடி வருவாங்க. மகா கோபக்காரர். பழங்கல்லு மேல எவனாவது சிமெண்ட் பூசி வெச்சிருந்தா, பூசினவன் செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் சாரத்துல நின்னு அவனைத் திட்டுவாரு. பேய், பிசாசுன்னா "போய் வேலையைப் பாரு"ன்னு சொல்ற ஆளு.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். மேட்டுல ஸ்டேஷன், கடைங்க. அங்கேர்ந்து இறக்கம். மூணு பக்கமும் ஆறு வந்து வளைச்சுக்கும். கடைசித் தெருவிளக்கு கிரிக்கெட் மைதானத்தோட முடிஞ்சிடும். அதுக்கப்புறம் இருட்டு, அலையாத்தி மரம், சேறு. ரோடு முடியுற இடத்துல பென்னக் வீடு.

அந்த மைதானம் ஏன் தட்டு மாதிரி சமமா இருக்குன்னு யாராவது கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்லை. அங்கே ஒரு மேடு இருந்துச்சு. ரெண்டு ஆள் உயரம், கால் மைல் நீளம். மொத்தமும் கிளிஞ்சல். வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஆத்தங்கரை ஜனங்க சிப்பி தின்னு, மீன் சுட்டு, கதை பேசி, தலைமுறை தலைமுறையா அங்கே உட்கார்ந்து, ஓடுங்களைப் போட்டுப் போட்டு எழும்பின மேடு. செத்தவங்களையும் அதுக்குள்ளயே பத்திரமா படுக்க வெச்சாங்க.

ஆயிரத்து எண்ணூத்து இருபதுல கேப்டன் பென்னக் வந்தான். கவர்னர் ஐநூறு ஏக்கர் எழுதிக் கொடுத்தாரு. யாரு நிலத்தை யாரு எழுதிக் கொடுக்கறது? அதை விடுங்க, விடிஞ்சிடும். அவன் மேட்டைப் பார்த்தான். அவனுக்கு அது சுண்ணாம்பா தெரிஞ்சுது. ஊர்ல அப்போ கட்டடம் எழும்புது, கல்லு இருக்கு, கல்லை ஒட்ட வைக்கச் சுண்ணாம்பு இல்லை. சீமையிலேர்ந்து நாடு கடத்தின கைதிங்க அறுபது பேரைக் கொண்டு வந்து நாலு காளவாய் போட்டான். மண்வெட்டி மண்வெட்டியா அள்ளி உள்ளே போட்டு எரிச்சாங்க. கிளிஞ்சல், கரி, எலும்பு... எதையும் பிரிக்கலை. அள்ளின கைதிங்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சு, பாதிப் பேருக்குக் கண்ணு போச்சு. நாலே வருஷம். மேடு காலி. சுண்ணாம்பு முழுக்கப் படகுல ஏறி ஊருக்குப் போச்சு. கொஞ்சத்தை வெச்சுத் தன் வீட்டையும் கட்டிக்கிட்டான்.

இப்போ வாசல்ல பித்தளைத் தகடு வெச்சிருக்காங்க. "இப்பகுதியின் முதல் தொழிலைத் தொடங்கியவர்". தொழிலாம்.

சரி. நாலு இருபது. புதன்கிழமை.

டெஸ் அந்த வீட்டுல மூணு வாரமா வேலை பார்க்கிறாரு. வடக்குச் சுவர்ல, கல் இடுக்குல இருக்கிற பழைய காரையைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா பூசணும். சனிக்கிழமை வீட்டோட இருநூறாவது வருஷ விழா. நேரம் பத்தலை. அதனாலதான் இருட்டுலயே கிளம்பி வர்றாரு. சாவி ரெண்டே பேர்கிட்ட. ஒண்ணு இவர்கிட்ட, இன்னொண்ணு வீட்டைப் பராமரிக்கிற குழுவோட தலைவி பிலிப்பா ஸ்டான்னர்ட்கிட்ட.

வண்டியை நிறுத்தினாரு. இன்ஜினை அணைச்சாரு. ஃபிளாஸ்க்கைத் தேடிக்கிட்டிருக்காரு...

டிக்.

உள்ளேர்ந்து.

டிக்... கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. டிக்.

தண்ணி சொட்டுற சத்தம் இல்லை அது. அரிசியில கல் பொறுக்கித் தட்டுல போட்டா வருமே, அந்தச் சத்தம். நிதானமா. அவசரமே இல்லாம.

டெஸ் கதவைத் திறந்தாரு. சத்தம் நின்னுடுச்சு.

வாசனைதான் முதல்ல வந்துச்சாம். தண்ணி வத்தின ஆத்துச் சேறு வாசனை. அதுக்கு மேல, சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா ஒரு காரம் வரும் பாருங்க, மூக்கைப் பொசுக்குற மாதிரி... அது. இவர் அங்கே சுண்ணாம்பே நீத்தலை. வீட்டுல நீத்தி, வாளியிலதான் கொண்டு வர்றாரு.

டார்ச் அடிச்சாரு. முந்தின நாள் சுரண்டின காரைத் தூளைத் தரையில தார்ப்பாய் விரிச்சு, ஒரே குவியலா விட்டுட்டுப் போயிருந்தாரு. இப்போ மூணு குவியல். ஒண்ணுல கிளிஞ்சல் துணுக்கு மட்டும். ஒண்ணுல கரி மட்டும். மூணாவது ரொம்பச் சின்னது, ஒரு கைப்பிடி கூட வராது. வெள்ளையா, சாம்பல் நிறமா என்னமோ.

நீங்களும் நானும்னா ஓடியிருப்போம். இந்த மனுஷனுக்குக் கோபம் வந்துச்சு. எவனோ ஜன்னல் வழியா பூந்து விளையாடியிருக்கான்னு நினைச்சுட்டாரு. "என் தூளைத் தொடறதுக்கு எவன்டா நீ?"ன்னு கத்திக்கிட்டே பூட்ஸ் காலால மூணு குவியலையும் உதைச்சு ஒண்ணாக்கினாரு.

இதை டெஸ் அப்புறம் கேசிகிட்ட சொல்லும்போது, அந்தக் காலையே பார்த்துக்கிட்டு இருந்தாராம்.

வியாழக்கிழமை. அதே நேரம். அதே சத்தம். கதவைத் திறந்ததும் நின்னுடுச்சு. மறுபடி மூணு குவியல். ஆனா இந்தத் தடவை நடுவுல, தனியா, ஒரு பல்.

பால் பல். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கம் கருகி இருந்துச்சு. நாப்பது வருஷம் காரை சுரண்டின கைக்குக் கிளிஞ்சல் எது, பல்லு எதுன்னு தெரியாதா? அப்போதான் மூணாவது குவியலை உட்கார்ந்து பார்த்தாரு. எல்லாம் எலும்பு. சுட்ட எலும்பு. துணுக்குத் துணுக்கா.

பக்கத்துல தூள்ல ஒரு கை பதிஞ்ச அச்சு. இடது கை. ஒருத்தர் ரொம்ப நேரம் குனிஞ்சு உட்கார்ந்து, எழுந்திருக்கறதுக்குக் கையை ஊணின மாதிரி. சின்னக் கை, பொம்பளைக் கை. சுண்டுவிரல் மட்டும் முழுசா இல்லை. அடிக்கணுவோட நின்னு போச்சு.

டெஸ் அதை ஃபோன்ல படம் எடுத்துக்கிட்டாரு. பல்லைத் தீப்பெட்டியில போட்டுச் சட்டைப் பையில வெச்சாரு. எட்டு மணிக்கு பிலிப்பா வந்ததும் தீப்பெட்டியைத் திறந்து காட்டினாரு.

"இது மனுஷப் பல்லும்மா. குழந்தையோடது. வேலையை நிறுத்தணும்."

அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. "மரத்துல ஏறுற போசமா இருக்கும் டெஸ். இல்லைன்னா நாய்."

"நாய்க்கு இப்படிப் பல் இருந்தா அதைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

"சனிக்கிழமை மந்திரி வர்றாரு. திங்கட்கிழமை பேசிக்கலாமே."

"சுவர்ல மிச்சமும் இருக்கு. ஆழமா சுரண்டி எல்லாத்தையும் வெளியே எடுக்கணும்."

பிலிப்பாவுக்கு முகம் மாறிடுச்சு. "ஒரு இஞ்சுக்கு மேல நீங்க தொடக்கூடாது. அந்தச் சுவர்ல ஒவ்வொரு பொட்டுக் காரைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கு."

"காரைக்கு இருக்கு. காரைக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு?"

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. கெட்டவங்க இல்லை அவங்க. பதினோரு வருஷம் சம்பளமே வாங்காம அந்த வீட்டைப் பெருக்கித் துடைச்சவங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்கறதைப் பார்க்க மாட்டேன்னு ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். "நாளைக்கு மதியம் சாரத்தைப் பிரிக்க ஆள் வர்றாங்க. அப்போ சாவியைக் கொடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இப்போ டெஸ்ஸோட பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். பழைய காரையை அவர் தூக்கிப் போட மாட்டாரு. சலிச்சு, இடிச்சு, புதுச் சுண்ணாம்போட கலந்து, எடுத்த சுவர்லயே திரும்பப் பூசுவாரு. அதுதான் முறை. நல்ல கொத்தனார் அப்படித்தான் செய்வான். மிச்சம் விழுந்தா அதையும் கொட்ட மனசு வராது. வாளியோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு. அவங்க வீட்டுப் படிக்கட்டு, தோட்டச் சுவர் எல்லாமே எவனோ ஒரு பிரபுவோட மாளிகை மிச்சம்தான். "என் வீடு பாதி ஊரான் சொத்து"ன்னு அவர் சம்சாரம் மார்லின் கிண்டல் பண்ணுவாங்க.

மார்லின் யாருன்னு சொல்லலையே. அவங்க இந்த ஆத்தங்கரை ஜனம். அந்தக் கிளிஞ்சல் மேட்டுல உட்கார்ந்தவங்களோட பேத்தி, கொள்ளுப்பேத்தி. பென்னக் வீட்டுக்குள்ள ஒரு நாளும் காலை வெச்சதில்லை. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்போ பஸ்ஸை விட்டு இறங்காம அடம் பிடிச்சு, பிரம்படி வாங்கினவங்க.

வியாழக்கிழமை சாயந்திரம். டெஸ் வீட்டுக்குள்ள வர்றாரு. கணப்புல நெருப்பு நல்லா எரியுது. மார்லின் அதுக்கு முன்னாடி காலை நீட்டி உட்கார்ந்திருக்காங்க.

"வா. இந்த எலியை என்னன்னு பாரு. ரெண்டு வாரமா இந்த அடுப்புக்குள்ள உட்கார்ந்து எதையோ கொறிச்சுக்கிட்டே இருக்கு."

டெஸ் அப்படியே நின்னுட்டாரு.

டிக். நெருப்புக்குப் பின்னாடி. செங்கல் இடுக்குல. டிக்...

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

டெஸ் தீப்பெட்டியை எடுத்து மேஜை மேல வெச்சாரு. ஃபோனை நீட்டினாரு. மார்லின் பல்லைப் பார்த்தாங்க. படத்தைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் அந்தச் சுண்டுவிரலையே பார்த்தாங்க.

"மீன் பிடிக்கிற பொம்பளை இவ"ன்னாங்க. குரல் எங்கேயோ கீழேர்ந்து வந்துச்சாம். "எங்க பொண்ணுங்களுக்குக் குழந்தையிலேயே இந்த விரலை எடுத்துடுவாங்க. தூண்டில் கயிறு சுத்த வசதியா இருக்கும்னு உங்க வெள்ளைக்கார ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க. எங்க ஆளுங்க சொல்றது வேற. அதை உனக்குச் சொல்ல மாட்டேன்."

அப்புறம் கணப்பைத் திரும்பிப் பார்த்தாங்க.

"டெஸ். இதை எதை வெச்சுப் பூசினே?"

"மிச்சக் கலவை."

"எந்தச் சுவரோட மிச்சம்?"

டெஸ் கணப்பு ஓரத்துச் செங்கல்லைத் தடவினாரு.

"வாயைத் திற. எந்தச் சுவரோட மிச்சம்?"

"பென்னக் வீடு. முதல் வாரத்துது."

மார்லின் எழுந்தாங்க. கெட்டில் தண்ணியைத் தூக்கி அப்படியே நெருப்புல ஊத்தினாங்க. புஸ்ஸுன்னு வீடு முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள்ள நின்னு கத்தினாங்களாம், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறக்குற அளவுக்கு.

"ஒரு தடவை அந்தக் கேப்டன் சுட்டான்! ரெண்டு வாரமா தினமும் நீ சுட்டிருக்கே! அதுக்கு முன்னாடி உட்கார்ந்து நான் குளிர் காய்ஞ்சிருக்கேன். ஈர சாக்ஸைக் காய வெச்சிருக்கேன், டெஸ். சாக்ஸ்!"

"எனக்குத் தெரியாது மார்லின்... சத்தியமா தெரியாது."

"உங்க யாருக்குத்தான் என்ன தெரிஞ்சுது? இருநூறு வருஷமா தெரியாது. எதுவுமே தெரியாம எப்படித்தான் இவ்வளவு உயரம் கட்டினீங்களோ!"

"போலீஸ்ல சொல்லிடலாம். அதுதான் சட்டம்."

"சொன்னா? பெட்டியில போட்டு நம்பர் ஒட்டுவாங்க. என் தாத்தாவோட அண்ணன் தலை கடல் தாண்டி ஒரு மியூசியத்துல எழுபது வருஷம் பெட்டியில இருந்துச்சு. கேட்டுக் கேட்டு வாங்கறதுக்குள்ள எங்கம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்தப் பெட்டிக்கு இந்தப் பிள்ளையையும் கொடுக்கச் சொல்றியா?"

டெஸ்ஸோட கருவிப் பையிலேர்ந்து சுத்தியலை அவங்களே எடுத்தாங்க. கணப்பை இடிக்க ஆரம்பிச்சாங்க. அம்பத்தெட்டு வயசு, முட்டி வலி, ஒரு செங்கல் விடலை. டெஸ் கிட்ட வந்தப்போ சுத்தியலாலேயே விரட்டினாங்க. தூளை எல்லாம் படுக்கை விரிப்புல கூட்டி அள்ளி முடிச்சப்போ மணி பதினொண்ணு.

முடிச்சை டெஸ் கையில வெச்சாங்க.

"அவ தன் பிள்ளையைப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. அவளுக்கு முழுசா கிடைக்கணும். சாவி நாளைக்கு மதியம் வரைக்கும்தானே உன்கிட்ட? போ. ஒரு துணுக்கு அந்தச் சுவர்ல தங்கினாலும் நீ இந்த வீட்டுக்குள்ள வராதே. நான் வேடிக்கைக்குச் சொல்லலை."

அவர் கிளம்பிட்டாரு. அதே ரோடு. மைதானத்தோட விளக்கு முடிஞ்சுது. அலையாத்தி மரத்துக்குள்ள தண்ணி இறங்குற சத்தம் மட்டும்.

வீட்டுக்குள்ள போய், விரிப்பு முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாய் மேல கொட்டினாரு. விளக்கை மாட்டினாரு. உளியை எடுத்தாரு. ஒரு இஞ்ச் இல்லை... கை போற ஆழம் வரைக்கும் சுரண்ட ஆரம்பிச்சாரு. வடக்குச் சுவர்ல முதல் வாரம் தானே பூசின புதுக் காரையைத்தான் முதல்ல எடுத்தாரு. அதுக்குள்ள பழைய தூள் இருக்கே. கையில வழியற அளவுக்கு அள்ளி, திரும்பாம, பின்னாடி தார்ப்பாய்ல போட்டாரு.

ஒண்ணும் இல்லை. சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தாரு. குவியல் அப்படியே கிடக்கு.

மறுபடி சுவர் பக்கம் திரும்பினாரு...

டிக்.

அப்போ புரிஞ்சுது அவருக்கு. பார்த்தா நின்னுடும். பார்க்கலைன்னா நடக்கும். பொம்பளை பிள்ளையைப் பொறுக்கறதை அந்நிய ஆம்பளை பார்க்கறதுக்கு என்ன இருக்கு?

அதுக்கப்புறம் அவர் திரும்பவே இல்லை. இதை யோசிச்சுப் பாருங்க. நாலு மணி நேரம். முதுகுக்கு ஒரு கை தூரத்துல அவ உட்கார்ந்திருக்கா. இவர் சுரண்டுறாரு. கர்... கர்... தூளைப் பின்னாடி போடுறாரு. அவ பொறுக்குறா. டிக். டிக். சேத்து வாசனை. சுண்ணாம்புக் காரம் கண்ணுல தண்ணியா கொட்டுது. பிடரி மேல சூடு அடிக்குது, காளவாய் வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற சூடு. வெளியே தரையில பனி உறைஞ்சு கிடக்கு, இவர் சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு.

பயம் இல்லையான்னு கேசி கேட்டிருக்கா. "இருந்துச்சு"ன்னாராம். "ஆனா கோபம் அதை விடப் பெருசா இருந்துச்சு." யார் மேலன்னு கேட்டதுக்கு, "அந்த வேலையை நான் நல்லா செய்யறேன்னு நாப்பது வருஷமா பெருமைப்பட்டிருக்கேன்"னு மட்டும் சொன்னாராம்.

மூணரை மணிக்கு ஒரு தடவை. மேல் இடுக்குல தூள் அடைச்சுக்கிச்சு. பிரஷ் வேணும். அது கீழே தார்ப்பாய் ஓரத்துல கிடக்கு. திரும்பக் கூடாது. கண்ணைச் சுவர்லேர்ந்து எடுக்காம, கையை மட்டும் பின்னாடி நீட்டித் துழாவினாரு. தரை... தரை... கிடைக்கலை.

பிரஷ் கைக்குள்ள வந்து உட்கார்ந்துச்சு.

யாரோ வெச்சாங்க. கைப்பிடி பக்கமா, சரியா பிடிக்க வாகா.

டெஸ் வாங்கிக்கிட்டாரு. "தேங்க்ஸ்"னு சொன்னாராம். வேற என்னதான் சொல்வாரு?

அஞ்சு மணி இருக்கும். சுவர் முழுக்க இடுக்கு காலி. கல்லு மேல கல்லு வெறுமனே உட்கார்ந்திருக்கு. சத்தம் நின்னுடுச்சு. இவர் காத்திருந்தாரு. பத்து நிமிஷம்... பதினஞ்சு நிமிஷம்... சூடு மெதுவா இறங்கிப் போச்சு. குளிர் வந்துச்சு.

திரும்பினாரு.

கிளிஞ்சல் ஒரு மூலையில. கரி ஒரு மூலையில. நடுவுல குவியல் இல்லை. பிள்ளை. துணுக்குத் துணுக்கா, அது அது இருக்க வேண்டிய இடத்துல அடுக்கி வெச்சிருந்துச்சு. தலை, விலா, விரல் நுனி வரைக்கும். முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும் ரெண்டு தடவை வெச்சா முடிஞ்சிடும், அவ்வளவுதான் நீளம். கை ரெண்டும் மார்பு மேல. டெஸ் கழட்டி வெச்சிருந்த தன் கம்பளிக் கோட்டை எடுத்து விரிச்சு, அடுக்கு கலையாம துணுக்குங்களை அதுல எடுத்து வெச்சாரு. தீப்பெட்டியைத் திறந்து அந்தப் பல்லை அதோட இடத்துல வெச்சாரு. அறுபத்தோரு வயசு மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

வெளியே கேட் கிட்ட மார்லினோட கார் நின்னுச்சு. பக்கத்துல அவங்க ஐவி அத்தை, எண்பத்தெட்டு வயசு. ரெண்டு பேரும் உள்ளே வரலை. டெஸ் கோட்டைக் கொண்டு வந்து ஐவி அத்தை மடியில வெச்சாரு.

"எல்லாம் இருக்கா?"ன்னு கேட்டாங்க கிழவி.

"இருக்கு. அவளே எண்ணி வெச்சிட்டா."

கிழவி துணியை விலக்கி ஒரு தடவை பார்த்தாங்க. "நீ வண்டிக்குப் பின்னாடி நடந்து வா. நாங்க சொல்ற இடத்துல நில்லு. அதுக்கு மேல வராதே"ன்னாங்க. எங்கே கொண்டு போனாங்க, என்ன செஞ்சாங்கன்னு டெஸ் யாருக்கும் சொல்லலை. நானும் கேட்கலை. அது நமக்கு வேண்டாத விஷயம்.

மதியம் சாவியைக் கொடுக்கப் போனாரு. பிலிப்பா சுவரைப் பார்த்துட்டு அலறினாங்க. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! நாளைக்கு விழா! பூசுங்க, இப்பவே பூசுங்க!"

"என்கிட்ட சுண்ணாம்பு இல்லை."

"வாங்கித் தர்றேன்!"

"நான் பூச மாட்டேன்."

அதோட அந்த வேலை போச்சு. மறுநாள் மந்திரி வந்தாரு, சுவர் மேல நீலத் துணியைத் தொங்க விட்டு மறைச்சாங்க, கைதட்டினாங்க, கேக் வெட்டினாங்க. டெஸ் வீட்டுல கணப்பு இருந்த இடத்துல ஓட்டை அப்படியே இருக்கு. ஆனா சத்தம் இல்லை. பென்னக் வீட்டுலயும் இல்லை. முழுசா கிடைச்சிடுச்சு, அவ போயிட்டான்னு மார்லின் சொன்னாங்க. அன்னிக்குத்தான் புருஷன்கிட்ட முகம் கொடுத்துப் பேசினாங்களாம்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூணு வாரம் கழிச்சு. திங்கட்கிழமை. விடியக்காலை அஞ்சு மணிக்கு டெஸ்ஸோட ஃபோன் அடிச்சுது. சார்லி ஸ்பிட்டேரி. அவரும் கொத்தனார்தான், மால்ட்டாக்காரர், டெஸ்ஸோட பழைய தோஸ்து. ஊருக்குள்ள துறைமுகத்துக்கிட்ட ஒரு பழைய கிடங்குல வேலை. ஆயிரத்து எண்ணூத்து இருபத்தி மூணுல, பென்னக்கோட சுண்ணாம்பு படகுல வந்து இறங்கின காலத்துல கட்டினது.

"டேய் டெஸ். நீ காரைத் தூளை ரகம் பிரிச்சு வைப்பியா?"

டெஸ் எழுந்து உட்கார்ந்தாரு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டாரு. மார்லின் கண்ணைத் திறந்துட்டாங்க.

"எத்தனை குவியல் சார்லி?"

"குவியலா? வரிசைடா. சின்னச் சின்னதா ஒவ்வொண்ணும் படுத்துக் கிடக்கிற மாதிரி. நான் நின்ன இடத்துலேர்ந்து கடைசிச் சுவர் வரைக்கும். நூறைத் தாண்டிடுச்சு, அதுக்கு மேல என்னால எண்ண முடியலை."

"சத்தம் கேட்குதா?"

"நான் வெளியே ஓடி வந்துட்டேன். தெரு நடுவுல நிக்கறேன்..." மூச்சு வாங்குது அந்தாளுக்கு. "டெஸ், எதிர்ல கோர்ட்டு. பக்கத்துல சர்ச்சு. அந்தாண்ட பழைய பேங்க்..."

"சார்லி. சத்தம் கேட்குதான்னு கேட்டேன்."

"எல்லாத்துலேர்ந்தும் கேட்குதுடா."